மின்கம்பி வந்தது, விளக்கு எரிகிறதா?

(வீட்டுக்கூட்டங்களிலும், பெண்கள் ஐக்கியத்திலும், வாலிபர் கூடுகைகளிலும் வாசித்துக் கலந்து பேச ஏற்ற பாடம்)



இரவு இரண்டு மணி. சிறியதொரு கிராம ஆஸ்பத்திரியின் பிரசவ அறை. குழந்தை பிறந்துவிட்டது; ஆனால் தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. எங்கே கிழிந்திருக்கிறது என்று நர்ஸ் பார்க்கவேண்டும், ஊசி மருந்தின் அளவைப் பார்க்கவேண்டும், தாயின் முகம் வெளுக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டால் என்ன ஆகும்? ஒரு கையில் டார்ச், மறு கையில் நூலும் ஊசியுமாக அவர் என்ன செய்வார்?

இது கற்பனைக்காக எழுதியதல்ல. உலகத்தின் பல பகுதிகளில் இன்றிரவும் இப்படி நடக்கும். உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் வேறு இரு சர்வதேச அமைப்புகளும் சேர்ந்து 2023 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஏழை நாடுகளிலும் கீழ்நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலும் ஏறக்குறைய 100 கோடி மக்கள் நம்பியிருக்கும் மருத்துவ நிலையங்களில் மின்சாரம் அறவே இல்லை, அல்லது நம்பத்தக்க விதத்தில் இல்லை என்று அது கூறுகிறது. தெற்கு ஆசியாவிலும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலும் பத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட மருத்துவ நிலையங்களுக்கு மின்சாரமே கிடையாது. அந்த ஆப்பிரிக்கப் பகுதியில் பாதி நிலையங்களில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்லமுடியாது.

ஆஸ்பத்திரிப் பணிகளைத் தாங்குகிறவர்களாகிய நாம் மருந்துக்கும் கட்டிலுக்கும் கட்டடத்திற்கும் கொடுத்துப் பழகியவர்கள். மின்சாரத்தைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. இந்தப் பாடத்தில் அதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

1. உலகம் எடுத்த தீர்மானம்

2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகள் கூடி, 2030-ஆம் ஆண்டுக்குள் அடையவேண்டிய 17 இலக்குகளை ஏற்றுக்கொண்டன. அவற்றில் ஏழாவது, எல்லாருக்கும் கட்டுப்படியாகும் விலையில், நம்பத்தக்க, தூய்மையான எரிசக்தி கிடைக்கவேண்டும் என்பது. எரிசக்தி என்பது இங்கே இரண்டு காரியங்களைக் குறிக்கிறது. ஒன்று, மின்சாரம். மற்றொன்று, புகையில்லாமல் சமைப்பதற்கான எரிபொருள்.

நன்றியோடு நினைக்கவேண்டிய முன்னேற்றம் உண்டு. 2010-இல் உலகத்தில் 110 கோடிக்கும் அதிகமானோர் மின்சாரமின்றி வாழ்ந்தார்கள். 2023-இல் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 66 கோடியே 60 இலட்சமாகக் குறைந்தது. உலக மக்களில் நூற்றுக்கு 92 பேருக்கு மின்சாரம் எட்டிவிட்டது. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு நம் இந்திய நாட்டையும் அண்டை நாடான பங்களாதேஷையும் சேரும். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் செலவு 2010-க்குப் பின்வந்த ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் ஒரு முக்கிய காரணம்.

ஆனாலும் ஒரு துயரமான உண்மை இருக்கிறது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் 2010-இலும் ஏறக்குறைய 57 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. 2023-இலும் ஏறக்குறைய அதே அளவுதான். வேலை நடக்காமல் இல்லை. கோடிக்கணக்கானோருக்குப் புதிதாக இணைப்பு கொடுக்கப்பட்டது. ஆனால் மக்கள்தொகையும் அதே வேகத்தில் பெருகிற்று. இன்று உலகத்தில் மின்சாரமில்லாதவர்களில் நூற்றுக்கு 85 பேர் அங்கேதான் இருக்கிறார்கள். நைஜீரியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, எத்தியோப்பியா ஆகிய மூன்று நாடுகளும் அந்தப் பட்டியலின் முதலிடங்களில் நிற்கின்றன. 2030-க்குள் ஆப்பிரிக்காவில் 30 கோடிப் பேருக்கு மின்சாரம் கொடுக்கும் திட்டமொன்றை உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் 2024-இல் அறிவித்தன. இப்போதுள்ள வேகத்திலேயே போனால் 2030-இலும் 60 கோடிக்கும் மேற்பட்டோர் இருளிலேயே இருப்பார்கள் என்பது கணக்கு.

2. "மின்சாரம் உண்டு" என்றால் என்ன?

இங்கே நாம் ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும். "மின்சாரம் கிடைத்துவிட்டது" என்று கணக்கெடுக்கிறவர்கள் எழுதும்போது அதற்கு என்ன பொருள்?

நம் நாட்டின் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 ஏப்ரல் 28-ஆம் தேதி மணிப்பூர் மாநிலத்தின் லெய்சாங் கிராமத்திற்கு மின்சாரம் வந்தது. அத்துடன் இந்தியாவின் எல்லாக் கிராமங்களும் மின்சாரம் பெற்றுவிட்டன என்று அரசு அறிவித்தது. சந்தோஷமான நாள்தான். ஆனால் ஒரு கிராமத்தை "மின்சாரம் பெற்ற கிராமம்" என்று சொல்வதற்கு அன்றிருந்த விதி என்ன தெரியுமா? பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களோடு, நூற்றுக்குப் பத்து வீடுகளுக்கு இணைப்பு இருந்தால் போதும். மீதி தொண்ணூறு வீடுகளும் இருட்டில் இருந்தாலும் கிராமம் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால்தான் வீடுகளுக்கென்றே 2017-இல் சௌபாக்யா என்ற தனித் திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

இந்தக் குறையை உணர்ந்த உலக வங்கி வல்லுநர்கள் 2015-இல் வேறொரு அளவுகோலை வகுத்தார்கள். அதில் பூஜ்யம் முதல் ஐந்து வரை படிகள் உண்டு. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், அதில் மாலையில் ஒரு மணி நேரமாவது மின்சாரம் இருந்தால் அது முதற்படி. மூன்றாம் படிக்கு எட்டு மணி நேரம் வேண்டும். ஐந்தாம் படிக்கு 23 மணி நேரம் வேண்டும். நேரம் மட்டுமல்ல; எவ்வளவு சக்தி கிடைக்கிறது, அடிக்கடி நின்றுபோகிறதா, வோல்டேஜ் சரியாக இருக்கிறதா, ஏழையால் கட்டணம் கட்டமுடிகிறதா, ஆபத்தில்லாமல் இருக்கிறதா என்றும் அது கேட்கிறது.

நம் பிரசவ அறைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நாளில் 20 மணி நேரம் மின்சாரம் இருக்கிறது என்றால் வீட்டுக்கு அது நல்ல நிலைமை. ஆனால் பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. அந்த மீதி நான்கு மணி நேரத்தில் வரும் தாய்க்கு, அந்த ஆஸ்பத்திரியில் மின்சாரம் இல்லை என்பதுதான் பொருள். ஆகவே மின்கம்பி வந்துவிட்டதா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக்கூடாது. தேவைப்படும் நேரத்தில் விளக்கு எரிகிறதா என்றும் கேட்கவேண்டும்.

3. ஸாரியா நகரில் அணைந்த விளக்கு

2008-ஆம் ஆண்டு லாரா ஸ்டேச்செல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் நைஜீரியாவின் வடபகுதியிலுள்ள ஸாரியா நகருக்குச் சென்றார். தாய்மார் ஏன் இவ்வளவு அதிகமாக மரிக்கிறார்கள் என்று ஆராய்வதே அவருடைய நோக்கம். அங்கிருந்த அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இரவும் பகலும் கவனித்தார். மருத்துவர்களும் நர்சுகளும் திறமையற்றவர்களல்ல. ஆனால் நாளில் பல மணி நேரம் மின்சாரம் இருக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு சிசேரியன் அறுவை சிகிச்சையின் நடுவில் விளக்கு அணைந்தது. அவர் கையோடு கொண்டுபோயிருந்த டார்ச்சின் வெளிச்சத்தில்தான் அந்த அறுவையை முடித்தார்கள்.

அவருடைய கணவர் ஹால் ஆரன்சன் சூரிய மின்சக்தி கற்பிக்கும் ஆசிரியர். மனைவி எழுதியதை வாசித்து, அந்த ஆஸ்பத்திரிக்கென்று ஒரு சூரிய மின் அமைப்பை வரைந்தார். முழு அமைப்பும் வருவதற்கு முன்பு, அங்குள்ளவர்களுக்குக் காட்டுவதற்காகப் பெட்டிக்குள் அடங்கும் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தனுப்பினார். அதைப் பார்த்த ஊழியர்கள், "இதை எங்களிடமே விட்டுச்செல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு சுற்றுவட்டாரச் சிறு மருத்துவ நிலையங்களும் தங்களுக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று கேட்டன. இப்படித்தான் "சூரியப் பெட்டி" பிறந்தது. அதில் சோலார் பலகை, பேட்டரி, நல்ல எல்.இ.டி. விளக்குகள், தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு, செல்போனுக்கு சார்ஜர், கருவிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவி ஆகியவை இருக்கும். இன்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல ஆயிரம் மருத்துவ நிலையங்களில் இந்த மஞ்சள் பெட்டி சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது.

ஆயினும் ஒரு காரியத்தை நேர்மையாகச் சொல்லவேண்டும். உகாண்டாவில் 30 கிராமப்புற மருத்துவ நிலையங்களில் இந்தப் பெட்டியை வைத்து முறையான ஓர் ஆய்வு நடந்தது. 2021-இல் அதன் முடிவு வெளியானது. பிரசவ அறையில் வெளிச்சம் நன்றாகக் கூடியது. பிரசவ கவனிப்பின் தரமும் உயர்ந்தது. ஆனால் சிறிதளவே உயர்ந்தது. விளக்கு அவசியம், விளக்கு மட்டும் போதாது. பயிற்சியும், மருந்தும், போதுமான கைகளும் கூடவே வேண்டும். 2023-இல் உலகமெங்கும் ஏறக்குறைய 2,60,000 தாய்மார் கர்ப்பத்தினாலும் பிரசவத்தினாலும் மரித்தார்கள். அந்த மரணங்களை விளக்கு ஒன்று நிறுத்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். விளக்கில்லாமல் நிறுத்தலாம் என்று சொன்னாலும் நம்பவேண்டாம்.

4. சத்தீஸ்கர் காட்டும் வழி

இனி நம் நாட்டிற்குத் திரும்புவோம். காடுகளும் மலைவாழ் மக்களும் நிறைந்த சத்தீஸ்கர் மாநிலத்தில், அந்த மாநில அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 500-க்கும் மேற்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோலார் அமைப்புகளைப் பொருத்தியது. டெல்லியிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் அவற்றைப் பார்வையிட்டு 2017-இல் அறிக்கை தந்தது. சோலார் உள்ள நிலையங்களுக்கு, மின்தட்டுப்பாடுள்ள மற்ற நிலையங்களைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான புறநோயாளிகள் வந்தார்கள். மாதந்தோறும் நடந்த பிரசவங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரவில் விளக்கெரியும் இடத்திற்கு மக்கள் நம்பிக்கையோடு வருகிறார்கள் என்பதை இது காட்டுகிறது.

சோலார் பலகைகளை வாங்கி மாட்டிய இடங்கள் இந்தியாவில் ஏராளம். சத்தீஸ்கரில் கவனிக்கத்தக்கது வேறு. அங்கே பராமரிப்பை முதலிலேயே திட்டமிட்டார்கள். மலைக் கிராமங்களின் சோலார் நிலையங்களை அன்றாடம் துடைத்துப் பார்க்க உள்ளூர் ஆள் ஒருவர். பல கிராமங்களைச் சுற்றிவந்து பழுது பார்க்க ஒரு மெக்கானிக். இவர்களைக் கண்காணிக்க மேலே ஓர் அலுவலகம் என்று அடுக்கடுக்காக ஏற்பாடு செய்யப்பட்டது.

5. அடுப்பங்கரையிலும் இதே கதை

சமையல் எரிபொருளில் உலகம் இன்னும் பின்தங்கியிருக்கிறது. 210 கோடி மக்கள் இன்றும் விறகு, சுள்ளி, சாணி வறட்டி, கரி, மண்ணெண்ணெய் இவற்றில் சமைக்கிறார்கள். அந்தப் புகையினால் 2020-இல் 32 இலட்சம் பேர் மரித்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. புகை என்றவுடன் நுரையீரல்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இந்த மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை மாரடைப்பினாலும் பக்கவாதத்தினாலும் வந்தவை. நுண்ணிய புகைத்துகள் நுரையீரலின் வழியாக இரத்தக்குழாய்களையும் கெடுக்கிறது.

நம் நாட்டில் 2016 மே முதல் தேதி தொடங்கிய உஜ்வலா திட்டத்தின்மூலம் இதுவரை 10 கோடிக்கும் அதிகமான ஏழைக் குடும்பங்களுக்கு கேஸ் இணைப்பு கிடைத்தது. பெரிய காரியம். ஆனால் முதல் சிலிண்டர் தீர்ந்தபின்பு, அடுத்ததை வாங்கப் பணமில்லாமல் மறுபடியும் விறகுக்குத் திரும்பிய வீடுகள் அநேகம். இங்கேயும் இணைப்பு ஒன்று, உபயோகம் வேறொன்று.

"இவர்கள் பழக்கத்தை விடமாட்டார்கள், விறகில் சமைத்தால்தான் ருசி என்பார்கள்" என்று சிலர் சொல்வதுண்டு. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. குவாட்டமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிப் பெண்கள் அதில் பங்குபெற்றார்கள். இந்தியாவில் அது நடந்த இடம் நம் தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள். பாதிப் பெண்களுக்கு கேஸ் அடுப்பு கொடுத்து, சிலிண்டரையும் 18 மாதம் இலவசமாக வீட்டிற்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் ஏறக்குறைய முழுவதுமாக விறகைக் கைவிட்டுவிட்டார்கள்! அவர்கள் சுவாசித்த புகைத்துகளின் அளவு, விறகில் சமைத்தவர்களுடையதைப்போல மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அவர்களைத் தடுத்து வைத்திருந்தது பழக்கமல்ல, விலைதான் என்பது தெளிவாயிற்று.

அதே ஆய்வில், பிறந்த குழந்தைகளின் எடை கூடும் என்று எதிர்பார்த்தார்கள்; அது கூடவில்லை. 2022-இல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் நடுவில் தொடங்கியது பிந்திவிட்டதா, சுற்றிலுமுள்ள புகையும் குறையவேண்டுமா என்ற கேள்விகள் இன்னும் தொடர்கின்றன. நன்மை செய்கிறவர்கள் பலனை மிகைப்படுத்தாமல் சொல்லக் கற்றுக்கொள்வது நல்லது.

6. பேட்டரி சொல்லும் பாடம்

தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டும் என்பதை நாம் அறிவோம். சூடு பட்டால் சில கெடும். உறைந்துபோனால் சில கெடும். மின்சாரமில்லாத கிராமங்களுக்காக 1980-களிலேயே சூரிய சக்தியில் ஓடும் குளிர்பதனப் பெட்டிகள் வந்துவிட்டன. நல்ல மனதோடு பலர் அவற்றை நன்கொடையாகக் கொடுத்தார்கள். ஆனால் சில ஆண்டுகளில் பெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. சூரியன் உதிக்காமல் இல்லை. பலகையும் பெரும்பாலும் பழுதாகவில்லை. பேட்டரிதான் ஆயுள் முடிந்து செயலற்றுப் போயிற்று. புதிய பேட்டரி வாங்க எந்தக் கணக்கிலும் பணம் ஒதுக்கப்படவில்லை.

இதிலிருந்து பாடம் கற்றவர்கள், பேட்டரியே தேவையில்லாத புதுவகைப் பெட்டியை உருவாக்கினார்கள். பகலில் வெயிலின் சக்தியால் உள்ளே பனிக்கட்டி உறையும். இரவிலும் மேகமூட்டத்திலும் அந்தப் பனிக்கட்டியே மருந்தைக் குளிராக வைத்திருக்கும். எளிமையான வழி. ஆனால் விளக்குக்கும் மற்றக் கருவிகளுக்கும் பேட்டரி இல்லாமல் முடியாது.

சோலார் பலகை 20, 25 ஆண்டுகள் உழைக்கும். சாதாரண ஈய-அமில பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே தாங்கும். அதற்கு அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றவேண்டும். பலகையின்மேல் தூசி படிந்தால் துடைக்கவேண்டும். லித்தியம் பேட்டரி அதிக காலம் உழைக்கும்; வாங்கும் விலையும் அதிகம். ஜெனரேட்டரோ இதற்கு நேர்மாறு. வாங்குவது சுலபம், ஓட்டுவதுதான் கடினம். டீசலுக்குப் பணமில்லாமல் மூலையில் தூசி படிந்து நிற்கும் ஜெனரேட்டர்களை எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் காணலாம்.

அளவும் முக்கியம். பிரசவ அறை விளக்குக்குச் சில வாட் மின்சாரம் போதும். ஆனால் நிமிடத்திற்கு ஐந்து லிட்டர் பிராணவாயு தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கு ஏறக்குறைய 350 வாட் தேவை, அதுவும் இராப்பகல் இடைவிடாமல். கருவிகளைக் கொதிநீராவியில் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கும் எக்ஸ்-ரேக்கும் இன்னும் பல மடங்கு வேண்டும். விளக்குக்கென்று கொடுத்த சிறு பேட்டரியில் மற்ற எல்லாவற்றையும் மாட்டினால் அது ஒரு வருடமும் தாங்காது.

7. கொடுக்கிறவர்களாகிய நமக்கு

இப்போது நம்மையே கேட்டுக்கொள்வோம். ஒரு சோலார் அமைப்பைப் பிரதிஷ்டை செய்து, பெயர்ப்பலகையைத் திறந்துவைக்க அழைத்தால் நாம் சந்தோஷமாகப் போகிறோம். படம் எடுக்கிறார்கள், அடுத்த மாத இதழில் வருகிறது. ஐந்து வருடம் கழித்து, "பழைய பேட்டரியை மாற்ற உதவுங்கள்" என்று கடிதம் வந்தால் அதே உற்சாகத்தோடு கொடுக்கிறோமா? பேட்டரியின்மேல் யாரும் பெயர் பொறிப்பதில்லை.

ஆனால் மேலே நாம் பார்த்த ஒவ்வொரு உதாரணமும் ஒரே காரியத்தைத்தான் சொல்லுகிறது. கிராமத்துக்குக் கம்பி வந்தது, வீட்டுக்கு விளக்கு வரவில்லை. அடுப்பு வந்தது, அடுத்த சிலிண்டர் வரவில்லை. குளிர்பதனப் பெட்டி வந்தது, புதிய பேட்டரி வரவில்லை. முதல் நாள் கொடுப்பது ஈகையின் பாதிதான். மறுபாதி, இரண்டாயிரமாவது நாளிலும் விளக்கு எரியும்படி பார்த்துக்கொள்வது.

ஆகவே எந்த ஆஸ்பத்திரிக்காவது மின் அமைப்பு வாங்க உதவும்போது, நான்கு கேள்விகளை அன்போடு கேட்டுப் பழகுவோம். தினமும் கவனிக்கிற ஆள் யார்? பழுதானால் எந்த ஊரிலிருந்து, எத்தனை நாளில் மெக்கானிக் வருவார்? எந்தெந்தக் கருவிகளை அதில் ஓட்டப்போகிறீர்கள்? பேட்டரி மாற்றுவதற்காக மாதந்தோறும் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்? இப்படிக் கேட்பது சந்தேகப்படுவதாகாது. "இது நின்றுபோகாமல் இருக்க நாங்களும் கூட நிற்கிறோம்" என்று சொல்வதாகும். பதில் இல்லாத இடத்தில், கொடுக்க நினைத்த தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்றே தனியாக வைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். பலகை சற்றுச் சிறியதாகிவிடும். ஆனால் வெளிச்சம் நீடிக்கும்.

இன்றிரவு நம் வீட்டில் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கும்போது, இரண்டு மணிக்கு ஒரு பிரசவ அறையில் விழித்திருக்கும் நர்சை நினைத்துக்கொள்வோம். அவர் இரு கைகளாலும் வேலை செய்யட்டும். ஒரு கை டார்ச் பிடிப்பதற்காக வீணாகவேண்டாம்.

சிந்திக்கவும் கலந்து பேசவும்

1. உங்கள் ஊரில் "மின்சாரம் உண்டு" என்பது எத்தனை மணி நேரம் உண்டு என்று பொருள்படுகிறது? இரவில் அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் நிலைமை என்ன?

2. நீங்கள் அறிந்த நிறுவனங்களில், நன்கொடையாக வந்து இன்று உபயோகமின்றிக் கிடக்கும் பொருள் ஏதாவது உண்டா? அது நின்றுபோகக் காரணம் என்ன?

3. உங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவர், அல்லது உங்கள் தெருவில் வசிக்கும் ஏழைக் குடும்பம், ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் வாங்கமுடிகிறது? அன்போடு விசாரித்து அறியுங்கள்.

4. புதிய கருவிக்குக் கொடுப்பதும் பழைய கருவியைப் பராமரிக்கக் கொடுப்பதும்: உங்கள் குழுவின் கடந்த மூன்று ஆண்டுக் கணக்கில் இவை இரண்டும் எந்த அளவில் இருக்கின்றன? வரும் ஆண்டில் எதை மாற்றலாம்?